மேலே போகாதிருக்க

வீடு விழும் என்றுதான் எல்லாருக்கும் பயம்.
அப்புத்தளையில்
வீடு எழும்.

எனக்கு இதைச் சொன்னவள் இஞ்சினியர் நிலூக்கா,
மூன்று மாடி மரக்கட்டடத்தின் வரைபடத்தில்
மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியில் விரலை வைத்து.
"இந்த மூலையில் மூன்று தொன்.
இறங்குகிற பாரமில்லை மிஸ், ஏறுகிற பாரம்."
பள்ளத்திலிருந்து முட்டி வரும் ஆடிக்காற்று
கூரையின் முதுகில் வழுக்கும்போது
உறிஞ்சித் தூக்குமாம்,
பால்தேத்தண்ணியில் படிந்த ஆடையை
உதடு தூக்குவதுபோல.

களஞ்சியச் சாவி என்னிடம்.
பதினாறு மில்லிமீட்டர் மரைக்கம்பி, நூற்றுப் பத்து.
சதுர வாஷர், உள்ளங்கை அகலம்.
கால்சட்டத்தை அத்திவாரத்தோடு கட்டும் பிடிதகடு.
அப்புறம் வில் வைத்த இறுக்கி:
மரம் காய்ந்து குறுகக் குறுக
தானே மயிரிழை மயிரிழையாய்ப் பின்தொடரும் சாமான்.
ஒன்றின் விலை என் எட்டு நாள் சம்பளம்.

ஆணி அடித்தால் போதாதா, என்றார் சிரிபால பாஸ்.
ஆணி பக்கவாட்டில் மல்லுக்கு நிற்கும் பாஸ்,
மேலே இழுத்தால் பால்பல்போல வந்துவிடும் என்றேன்.
அம்புக்குறியைப் பார்த்த நாளிலிருந்து
நான் அப்படித்தான் பேசினேன்.

அத்திவாரத்திலிருந்து கூரைச்சட்டம் வரை
ஒரே இழுப்பு. மாடிக்கு மாடி தகடு, நட்டு.
பலகை அடித்ததும் சுவருக்குள் போய்விடும்.
தங்க வருகிறவர்கள்
ஜன்னலுக்குத்தான் காசு கட்டுவார்கள்.

கூரை போட்டு நான்காம் மாதம்,
பலகை அடிக்க இரண்டு நாள் இருக்க,
இரண்டாம் மாடி வடகிழக்கு மூலையில்
நட்டு என் விரலுக்கே சுற்றியது.
மரம் சுருங்கிவிட்டது. இறுக்கி இல்லை.
கொடுத்ததாகப் புத்தகத்தில் என் கையெழுத்து.
பெட்டியின் அடியில், பஞ்சுக்குள், அது.
பிழை என்னுடையது. அந்தோணிமுத்துமேல் போட்டிருக்கலாம்,
அவன் பொடியன், கேட்டுக்கொள்வான்.
நிலூக்காவுக்குப் போன் எடுத்தேன்.
அன்று முழுக்க நாற்பத்தெட்டு மூலைகளையும்
நானே தொட்டுச் சுற்றிப் பார்த்தேன்.

துளை பிசகிய பிடிதகடு ஆறு ஒதுங்கியது.
கேட்டேன். கேட் பாஸ் எழுதித் தந்தார்கள்.

எங்கள் லயத்துக் கூரையில்
கல் பதினேழு, டயர் நாலு, மணல்மூட்டை ஒன்று.
ஞாயிற்றுக்கிழமை இரவல் டிரில்லர்.
கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்,
முதல் துளையில் மண் கொட்டியது,
இரண்டாவதில் கல்லே திரும்பிப் படுத்தது.
கையில் மூன்று தொன் பிடிக்கும் இரும்பு.
பிடிக்க எதுவுமில்லை.

சத்தம் கேட்டுத் தோட்டத்துக் கந்தோரில் கூப்பிட்டார்கள்.
சுவர் கம்பனியுடையது.
துளையிடக் கடிதம் வேண்டும்.
"எதற்குத் துளை?"
கூரை போகாமலிருக்க.
"இதுவரை போகவில்லையே?"
இருமுறை போனது ஐயா,
பீலிக்குக் கீழே தேயிலைக்குள் கிடந்தது,
நாங்கள் தூக்கி வந்துவிட்டோம்.

கடிதம் எழுதிக் கொடுத்தேன்.
பதில் வரும் என்றார்கள்.

லீக்ஸ் பாத்தி கிண்டக் கடிதம் கேட்பதில்லை.
சுவரோரமாய் நாலு பாத்தி, இடுப்பாழம்.
இரவில் சீமெந்து குழைத்தோம், தங்கையும் நானும்,
குழிக்குள் கம்பியை நிமிர்த்திப் பிடித்தபடி
அவள் இரண்டு மணிவரை கொட்டாவி விட்டாள்.
மேலே மண். மண்ணில் நாற்று.
கம்பி சுவரை ஒட்டி ஏறிக்
கைமரத்தைத் தகட்டோடு பிடிக்கிறது.
துணி காயப்போடத்தான் என்று
அடுத்த காம்பராவுக்குச் சொல்லியிருக்கிறோம்.

கல்லையும் டயரையும் இறக்கவில்லை.
அவ்வளவு நம்பிக்கை எனக்கு வரவில்லை.

நேற்று இரவு காற்று.
தகரம் ஒருதரம் மூச்சை இழுத்தது.
வெளியே போய் இருட்டில்
கம்பியில் விரலை வைத்தேன்.
நாண்போல விறைத்து
அது கீழ்நோக்கி
இழுத்துக்கொண்டிருந்தது.